கெட்ட நீருக்குக் கணக்குச் சொல்பவர் யார்?
(கண்டியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மகாவலி ஓடும் கண்டி மண்ணில் நின்று கிணற்று நீரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் ஐயுறலாம். குழாய் நீர் எட்டாத குன்றுகளில் நம் மக்கள் பீலியையும் கிணற்றையுமே நம்பி வாழ்கின்றனர். ஆதலின் சுன்னாகத்தின் கதை நமக்கும் பாடமாகும்.

சுன்னாகம் அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. கலப்பு உண்டு என்றது ஓர் அறிக்கை. இல்லை என்றது மற்றோர் அறிக்கை. 2015இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குக்கு 2019 ஏப்ரல் 4ஆம் நாளிலேதான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே பொறுப்பு, மின் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்துக என்பது தீர்ப்பு.

நண்பர்களே! கெட்ட நீரைத் திருத்த வழியில்லையா? உண்டு. பெற்றோலிலுள்ள பென்சீன் எளிதில் ஆவியாவது; புற்றுநோய் விளைப்பது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நீரை இறைத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து துளித்துளியாய்ச் சிதறவிட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்துவர். நஞ்சு நீரை விட்டுக் காற்றோடு ஏகும். அக்காற்றையும் கரிப்படுகையில் வடித்தல் வேண்டும்; இன்றேல் கிணற்றின் நஞ்சு ஊரின் மூச்சிலே கலக்கும். கனத்த எண்ணெயோ இம்முறைக்கு மசியாது. அதனை முன்னரே பிரித்தெடுத்தல் வேண்டும். மண்ணில் ஊறிய நஞ்சு மெல்ல மெல்லக் கசிவதால் ஆண்டுக்கணக்கில் இறைத்தாக வேண்டும்.

அச்செலவை உழவன் தாங்குவதா? ஒருபோதும் ஆகாது! ஆனால், நீதிமன்றத்தில் பழகிய நாம் ஒன்று சொல்வோம்: சான்றில்லாத துயருக்கு மன்றத்திலே நா இல்லை. நேற்றைய நீர் நன்னீர் என்பதற்குப் பத்திரம் இல்லாதவன், இன்று அது கெட்டது என்று எங்ஙனம் நிறுவுவான்?

ஆகவே நாம் கேட்பன இரண்டு. எரிபொருள் நிலையங்களுக்கும் வாகனத் திருத்தகங்களுக்கும் அண்மையிலுள்ள கிணறுகளையும் பீலிகளையும் இப்பொழுதே சோதித்து, நாளிட்டுப் பதிக. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரங்களை ஊராருக்குக் காட்டுக. காட்ட மறுப்பின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலிருக்கிறது.

காணிக்கு உறுதி வைத்திருக்கிறோம். குடிக்கும் நீருக்கும் ஓர் உறுதி எழுதி வைப்போம்.