இடிக்காமல் ஒரு அறை கூட்டுவது எப்படி?

ஐம்பது வருஷப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒண்ணை மனசுல நினைச்சுக்கோங்க. வீடுகள் சின்னது, வெளிச்சம் கம்மி, ஜன்னல் கையகலம். என்ன பண்ணலாம்? நம்ம ஊர்ல பெரும்பாலும் ஒரே பதில்தான்: இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரத்துல வேற மாதிரி யோசிச்சாங்க. அங்கே க்ரான் பார்க் என்ற பகுதியில், 1960களின் தொடக்கத்தில் கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்பு இருக்கு. அதில் 10 முதல் 15 மாடி வரை உள்ள மூன்று கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். ஆன் லகாதோன், ழான் பிலிப் வஸ்ஸால் என்ற இரண்டு ஆர்க்கிடெக்ட்கள் தங்கள் கூட்டாளிகளோட சேர்ந்து அதை மாத்தி அமைச்சாங்க.

செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. பழைய கட்டடத்துக்கு முன்னாடி, தனித் தூண்கள்மேல நிற்கிற ஒரு புதுச் சட்டகம். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேன் வச்சுத் தூக்கி, மாடி மாடியா அடுக்கினாங்க. அப்புறம் பழைய சுவரை அறுத்துட்டு, பெரிய கண்ணாடிக் கதவு போட்டாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய 12 அடிக்கு, புது இடம் கிடைச்சது. குளிர்காலத்துல வெயிலைப் பிடிச்சு வைக்கிற ஒரு கண்ணாடி அறை, அதை ஒட்டி ஒரு பால்கனி.

எனக்கு முக்கியமாப் படுறது வேற விஷயம். யாரும் வீட்டைக் காலி பண்ணலை. ஒரு வீட்டுக்கு 12 முதல் 16 நாள்தான் வேலை. வாடகையும் ஏறலை. 2019ல் இதுக்கு ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது கிடைச்சது. 2021ல் அந்த இருவருக்கும் பிரிட்ஸ்கர் விருது.

இடிக்கிறதுன்னா சுவர் மட்டும் போகாது. நாலு தெரு தள்ளி வீட்டு வேலைக்குப் போற அக்கா, மூணு வருஷம் வேற பகுதியில் இருந்தா அந்த வேலை போயிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறணும். கடன் கொடுக்கிற மளிகைக்கடை, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கிற பக்கத்து வீட்டு பாய், எல்லாமே கலைஞ்சிடும். பலதரப்பட்ட மக்கள் பல வருஷமாப் பழகி உண்டாக்கின அந்த ஏற்பாட்டைப் புதுக் கட்டடத்தோட சேர்த்துக் கட்டித் தர முடியாது.

அதுக்காக அப்படியே காப்பியடிக்கச் சொல்லலை. சென்னை வெயிலுக்குக் கண்ணாடி அறை அடுப்பாயிடும். இங்கே தேவை நிழல், காற்று, கொசுவலை போட்ட ஆழமான தாழ்வாரம். கம்பி துருப்பிடிச்சுக் கான்கிரீட் உதிர்ற கட்டடமா இருந்தா, முதல்ல உறுதிச் சோதனை. தாங்காதுன்னா இடிச்சுத்தான் ஆகணும். ஆனா சோதனைக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்த முறை ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கைத் தாண்டும்போது நிமிர்ந்து பாருங்க. பால்கனியில் கிரில் அடிச்சு, தகரம் போட்டு, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மறைச்சிருப்பாங்க. விதிமீறல்னு சொல்லிட்டுப் போகலாம். நான் அதை ஒரு வரைபடமாத்தான் பார்க்கிறேன். எந்தப் பக்கம், எத்தனை அடி வேணும்னு அந்த வீட்டுக்காரங்களே வரைஞ்சு காட்டியிருக்காங்க.