சாஸ்திரமும் பாஷையும்: மானிப்பாய் தந்த பாடம்



விஞ்ஞானம் கற்றவன் தன் கல்வியின் பயனை எங்கே காண்கிறான் என்னும் வினாவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தொண்டாற்றிய ஒரு வைத்தியரின் சரித்திரத்தையே விடையாகச் சமர்ப்பிக்கிறேன்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் 1822-இல் பிறந்து, மருத்துவம் பயின்று, 1847-இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளிக்கு மருந்தளிப்பதோடு தம் கடமை தீர்ந்ததாக எண்ணவில்லை. தம் கை ஓய்ந்த பின்னும் வைத்தியம் நிலைக்கவேண்டுமாயின் அவ்வூர்ப் பிள்ளைகளே வைத்தியராதல் வேண்டும் என்று துணிந்து, மாணாக்கரைச் சேர்த்துப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த அப்போதனையை 1864 முதல் தமிழுக்கு மாற்றினார்; ஆங்கிலத்தில் கற்றவர் உத்தியோகம் நாடி வெளியே செல்லக்கூடும், தமிழில் கற்றவரோ தம் கிராமத்தாரிடையே தங்கி அவர்தம் பிணி தீர்ப்பர் என்பது அவர் கருத்து.

பாடநூலுக்கும் பரிபாஷைக்கும் எங்கே போவது? அந்நியர் ஒருவர் தனித்திருந்து அகராதியைப் புரட்டி முடிக்கக்கூடிய காரியமா இது? சாஸ்திரத்தின் நுட்பம் அவரிடம் இருந்தது; சொல்லின் வழக்கும் ஓசையும் மாணாக்கரிடம் இருந்தன. அவர் தமிழுக்கு மாணவரானார். அவர்கள் மருத்துவத்துக்கு மாணவராயினர். தமிழில் வழங்கும் சொல் கிடைத்தால் அதனையும், கிடையாதபோது வடமொழியையும், இரண்டும் உதவாதபோது தமிழ் எழுத்தில் அமைத்த ஆங்கிலச் சொல்லையும் ஏற்றனர். இவ்வாறு உருவாகி 1867-இல் வெளிவந்த நூலின் பெயர் ‘இரணவைத்தியம்’; புண்ணை இரணம் என்று சொல்லிப் பழகிய உழவனுக்கு அப்பெயரை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை. 1872-இல் உடற்கூற்றைக் கூறும் ‘அங்காதிபாதம்’ வந்தது. 1875-இல் வந்த வேதியியல் நூலின் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரிலோ, கடல் கடந்து வந்த சொல்லொன்று தமிழ் ஈற்றை அணிந்து நம் வீட்டுப் பிள்ளைபோல் நிற்பதைக் காணலாம்.

உடல் நலம் குன்றி 1873-இல் தாயகம் திரும்பிய பின்னும், தமிழ் பேசுவோர் இல்லாத அங்கே அமர்ந்து தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்த அப்பெருமகனார், தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் குறிப்பே தம் கல்லறையில் பொறிக்கப்படவேண்டும் என்று விரும்பி, 1884-இல் காலமானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கும் மேல். தம் வாழ்வின் அர்த்தத்தை அவர் கண்ட இடம், தம் அறிவு பிறர் நாவில் பிறர் சொல்லாக வழங்கிய அந்த வகுப்பறையே என்பது என் துணிபு.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கற்கும் துறையில் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதுங்கள். அதை அத்துறையோடு அன்றாடம் உறவாடும் உழவர்க்கோ, தாதியர்க்கோ, கொல்லர்க்கோ படித்துக் காட்டுங்கள். அவர் நெற்றி சுருங்கும் இடத்தில் நிறுத்தி, அவர் வாயிலிருந்தே தக்க சொல்லைக் கேட்டுப் பெறுங்கள்.