கேட்டு வாங்குவோம், அளந்து வாங்குவோம்

குழுக் கூட்டத்தில் கடன், வட்டி, வரவு செலவு பேசித்தான் எனக்குப் பழக்கம். மேடைப் பேச்சு புதுசு. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டில் தேவைப்படும் உபகரணங்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேசச் சொன்னாங்க. நான் படிச்சது பத்தாவது. ஆனா இந்தப் பாடத்தை எங்க அத்தைகிட்டதான் படிச்சேன்.

எங்க அத்தை பௌர்ணமி தவறாம 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவங்க. நாலு வருஷம் முன்னால பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோச்சு. ஒரு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தாங்க. சந்தோஷமா ஆட்டோவில் ஏத்திக்கொண்டு வந்தோம். வாசலில் மூணு படி. தூக்கி ஏத்தினா, பாத்ரூம் கதவு குறுகல், நாற்காலி நுழையலை. ஒரே மாசத்தில் அதுமேல துணி காயப் போட ஆரம்பிச்சோம். நாற்காலி மேல குத்தமில்லை. வாசலையும் கதவையும் அளக்காதது எங்க குத்தம்.

அத்தை தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாங்க. கேட்டா, "தாகமில்லை"ன்னாங்க. கடைசியில் சிறுநீரில் கிருமி வந்து, காய்ச்சலோட ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்க நர்ஸம்மா தனியா விசாரிச்சப்போதான் சொல்லியிருக்காங்க: "ஒவ்வொரு தடவையும் என்னைத் தூக்கிவிடுன்னு மருமகளைக் கூப்பிட வெட்கமா இருக்கும்மா." எட்டு மாசம் வேளை தவறாம சோறு போட்டேன். உங்களுக்கு எது கஷ்டம் அத்தைன்னு ஒரு நாள் கேட்கலை.

அன்னைக்குத்தான் கேட்டேன். "நானே பாத்ரூம் போகணும், நானே சாப்பிடணும், வாசல்ல நின்னு தீபம் பார்க்கணும்"னாங்க. மூணே ஆசை.

முதல்ல பாத்ரூம். நடுவில் ஓட்டை வச்ச கமோடு நாற்காலி வாங்கினோம். உட்கார்ந்தா இரண்டு பாதமும் முழுசா தரையில் படணும், அதுதான் சரியான உயரம். அவங்களுக்கு இடது கைதான் நல்ல கை. அதனால உட்காரும்போது இடது பக்கம் வருவதுபோல சுவரில் கம்பி பதிச்சோம். இதுக்குக் குழுவில்தான் உள்கடன் வாங்கினேன், தவணையில் கட்டி முடிச்சாச்சு.

அடுத்து சாப்பாடு. இடது கையால சோறு பிசைய அவங்களுக்கு மனசு ஒப்பலை. கரண்டின்னா பரவாயில்லைன்னாங்க. பிடி வழுக்காம இருக்க, காம்பில் துணி சுத்தித் தடிமனாக்கினோம். விளிம்பு உயரமான தட்டு, அதுக்கடியில் ஈரத்துணி. தட்டு நகராது. செலவே இல்லை.

மூணாவது கைத்தடி. முதல்ல வாங்கினது உயரம் அதிகம், தோள் தூக்கிக்கிச்சு. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவங்க அளவு சொன்னாங்க. செருப்பு போட்டு நிமிர்ந்து நின்னு, கையைத் தொங்கவிட்டா, மணிக்கட்டு மடிப்பு எங்க இருக்கோ அதுவரைக்கும்தான் தடி. பக்கவாதம் வந்தவங்க பலமுள்ள கையில்தான் பிடிக்கணும். அடி ரப்பர் தேஞ்சா உடனே மாத்தணும்.

சக்கர நாற்காலி தேவைப்படுறவங்களும் இருக்காங்க. அதுக்கு இடுப்பு அகலத்தைவிட ரெண்டு பக்கமும் விரல் நுழையும் அளவு இடம் போதும். ரொம்ப அகலமா இருந்தா உடம்பு சாயும். கீழே உணர்ச்சி இல்லாதவங்களுக்கு நல்ல மெத்தை கட்டாயம், இல்லைன்னா புண் வந்துடும். சாய்தளம் கட்டினா ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். எங்க வாசலில் அவ்வளவு இடமில்லை. அதனால படி ஓரமா கைப்பிடி வச்சோம்.

பக்கத்து வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமா இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் அதன் நிறைகுறை தெரியும். நம்ம வீட்டிலும் அப்படித்தான், பயன்படுத்துறவங்க சொல்லை முதல்ல கேட்கணும்.

அரசாங்க உதவியும் இருக்கு. 2016-ம் வருஷச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன் சொல்லியிருக்காங்க. தனித்துவ அடையாள அட்டை வாங்கி வச்சுக்குங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, கதவு அகலம், படி உயரம், இடுப்பு அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்க.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு டேப் வச்சுப்போம். யார் வீட்டுக்கு உபகரணம் வருதோ, ரெண்டு பேர் முன்னாடியே போய் அளந்து, அவங்ககிட்ட கேட்டுட்டு வருவோம். சும்மா கிடக்கிற தடி, நாற்காலி எங்க வீட்டில் மட்டுமா இருக்கு? அளவு பார்த்து, தேவைப்படுறவங்களுக்குக் கொடுப்போம்.

போன கார்த்திகையில் அத்தை தடி ஊன்றி, கைப்பிடி பிடிச்சு, வாசலில் நின்னு மலையில் தீபம் பார்த்தாங்க. உள்ளே வந்ததும், "ஒரு சொம்பு தண்ணி கொடு"ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.