இரண்டு கையெழுத்தும் விழாத பட்ஜெட்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



அடுத்த வாரம் நிதி ஒதுக்கீடு சம்பந்தமா எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போறோம். போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "பட்ஜெட்டே போடலைன்னா என்ன ஆகும்?" நம்ம ஊர்ல முழு பட்ஜெட் தாமதமானா, இடைக்காலச் செலவுக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தரும். ஆனா அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலம் 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை முழு பட்ஜெட் இல்லாமலே இருந்தது.

அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் அவர் பதவி போகாது. ஆளுநர் புரூஸ் ரவுனர், தொழிற்சங்க உரிமையைக் குறைக்கணும், சொத்து வரியை உயர்த்தக் கூடாது, அதுக்கு ஒத்துக்கிட்டால்தான் பட்ஜெட் என்றார். சபாநாயகர் மைக்கேல் மாடிகன் தரப்பு முடியாது என்றது. ஊக்குநரும் பிரதிநிதியும் சண்டை போட்டா குழுவோட காசோலை என்ன ஆகும்? அதே கதைதான்.

தவிச்சது யார்? அரசு ஊழியர் சம்பளம் நீதிமன்ற உத்தரவால் நிற்கவில்லை. பள்ளிகளுக்குத் தனியாக நிதி வந்தது. முதியோருக்கு வீட்டுக்கே போய் உதவுகிறவர்கள், போதையிலிருந்து மீட்கிறவர்கள், இவங்க பில்தான் தேங்கியது. லூத்தரன் சோஷியல் சர்வீசஸ் என்ற தொண்டு நிறுவனம் 2016 ஜனவரியில் 750 வேலைகளைக் குறைத்தது. சம்பளம் வராத மாசம் எப்படி இருக்கும்னு களப்பணியாளர்களான எங்களைக் கேட்டா சொல்லுவோம்!

பில் தாமதமானால் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. நம்ம குழு வட்டியேதான்! பாக்கி 2017 ஜூலையில் சுமார் 1,500 கோடி டாலர். வட்டியும் மக்கள் வரிப்பணம்தானே.

எங்களை ரொம்ப உறுத்துறது வேற. 2016 ஜூன் கடைசியில் தற்காலிக பட்ஜெட் ஒன்று நிறைவேறியது. எல்லாரும் மூச்சு விட்டாங்க. சில மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான காப்பகங்களின் நிதி அதில் இல்லவே இல்லை! அடிபட்டு ராத்திரியில குழந்தையோட வர்ற பெண்ணுக்கு யார் கதவு திறப்பாங்க?

மக்கள் சும்மா இருக்கலை. 2017 மே மாதம் சிகாகோவிலிருந்து தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு வரை சுமார் 200 மைல் நடந்தே போய், முடிவு எடுங்கன்னு கேட்டாங்க. ஜூலை 6-ல், ஆளுநர் மறுத்த பட்ஜெட்டை அவர் கட்சிக்காரர்கள் சிலரும் சேர்ந்து நிறைவேற்றினாங்க. வருமான வரி 3.75 சதவீதத்திலிருந்து 4.95 ஆனது. கசப்புதான், ஆனாலும் காப்பகங்களுக்கு வழி பிறந்தது.

அதனால எம்.எல்.ஏ. "பண்ணிடலாம்மா"ன்னு சொன்னவுடனே கும்பிட்டுட்டு வந்துடாதீங்க. எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகை, எப்போன்னு கேட்டு எழுதிக்கோங்க. குழுவுக்கு இரண்டு பேர் வரணும். பெயரை இன்னிக்கே தீர்மான நோட்டில் எழுதிடுங்க.