கரையாதது எவ்வளவு கரையும்?



தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைத் தகர டப்பாவில் இட்டு மறந்துவிட்டு, பொங்கலன்று திறந்து பார்த்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். மூடியை எடுத்தவுடன் ஒரு வாடை வரும். சிக்கு வாடை என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெயிலுள்ள கொழுப்பு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடிக் கெடுவதே அதற்குக் காரணம். இவ்வினை சங்கிலித் தொடராக நடப்பது. ஒரு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுக்கும். அது அதற்கடுத்ததைக் கெடுக்கும். இச்சங்கிலியை இடையிலே அறுத்துவிடும் பொருள்களுக்கு ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள் என்று பெயர்.

அத்தகைய பொருள்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அதன் முழுப்பெயர் பியூட்டைலேற்றிய ஹைட்ராக்ஸி டாலுவீன். சுருக்கமாகப் பி.எச்.டி. என்பார்கள். இது பல்கலைக்கழகம் தரும் பட்டம் அன்று. ஒரு கடையிலே கிலோக் கணக்கில் வாங்கக்கூடிய வெண்ணிறப் படிகம். 1947-ல் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1954-ல் அமெரிக்க நாட்டில் உணவில் சேர்க்க இசைவு கிடைத்தது. உணவுச் சேர்க்கைகளின் உலகப் பட்டியலில் இதன் எண் 321. உணவில் மட்டுமன்று, ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும், மின்சார டிரான்ஸ்பார்மர்களில் ஊற்றும் எண்ணெயிலும்கூட இது காவல் காக்கிறது.

இப்பொருள் நீரில் எவ்வளவு கரையும்? இதுதான் கேள்வி. புத்தகத்தைத் திறந்தால் ‘நீரில் கரையாது’ என்று ஒரே சொல்லில் விடை எழுதியிருக்கும். நான் மாணவனாக இருந்தபோது அச்சொல்லை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், கரையாத பொருளின் கரைதிறனை அளக்கச் சொன்ன என் ஆசிரியரைப் பற்றி மனத்துக்குள் சற்றுக் குறைவாகவும் எண்ணினேன். அந்த எண்ணத்துக்கு நான் மூன்று மாத உழைப்பை அபராதமாகச் செலுத்த நேர்ந்தது. அக்கதையைச் சொல்வதற்கு முன் பொருளின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம்.

ஃபீனாலை நீங்கள் அறிவீர்கள். பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி. அது 20 டிகிரி வெப்பத்தில் லிட்டர் நீருக்கு 80 கிராமுக்கு மேல் கரையும். அதன் ஹைட்ராக்ஸில் நீரோடு கைகோத்துக்கொள்வதே காரணம். பி.எச்.டி.யும் ஒரு ஃபீனால்தான். ஆனால் ஹைட்ராக்ஸிலின் இரு பக்கத்திலும் இரண்டு பெரிய பியூட்டைல் தொகுதிகள், வாயிற்காப்போர் இருவரைப் போல நிற்கின்றன. எதிரே ஒரு மெத்தில் தொகுதியும் உண்டு. காப்போரைத் தாண்டி நீர் உள்ளே நெருங்க இயலாது. எண்ணெயிலே இது நெடுங்காலம் நிலைத்து நின்று வேலை செய்வதற்கு எந்தக் காப்போர் காரணமோ, அவர்களே நீரில் இது கரையாமைக்கும் காரணர்.

இனி, அளந்த கதை. ஒரு குடுவையில் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, ஒரு சிட்டிகைப் படிகத்தைப் போட்டேன். நீர் அதை நனைக்கவே இல்லை. தூள் மேலே மிதந்தது. ஒரு நாள் முழுவதும் குலுக்கு இயந்திரத்தில் வைத்தேன். மறுநாள் சாதாரண வடிதாளில் வடிகட்டினேன். கரைசலிலிருந்து ஈதரைக் கொண்டு பொருளைப் பிரித்தெடுத்து, ஈதரை ஆவியாக்கி, எஞ்சியதை ஹெக்ஸேனில் கரைத்துப் புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தேன். லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்று விடை வந்தது. கரையாது என்று சொன்ன புத்தகத்தைத் தோற்கடித்துவிட்டேன் என்று மகிழ்ந்து ஆசிரியரிடம் ஓடினேன்.

அவர் என் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. மீதியிருந்த வடிநீரைக் கொண்டுவரச் சொன்னார். சன்னல் கதவுகளைச் சாத்தி, ஒரு கீற்று வெயில் மட்டும் உள்ளே வரும்படி செய்து, அக்கீற்றின் குறுக்கே குடுவையைப் பிடித்தார். நீரின் ஊடே ஒளியின் பாதை பால்போல் வெளுத்துத் தெரிந்தது. “தம்பி, நீ கரைந்ததை அளக்கவில்லை. மிதப்பதை அளந்திருக்கிறாய்” என்றார். வடிதாளின் துளைகளைவிட நுண்ணிய துகள்கள் கரைசலோடு இறங்கியிருந்தன. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் கரைசல் அன்று என்பதை அன்றைக்குத்தான் கண்ணாலேயே கண்டேன்.

பிறகு நீரைச் சுழற்பொறியில் இட்டு வேகமாகச் சுழற்றித் துகள்களை அகற்றினேன். விடை 11-லிருந்து 1.1-க்கு இறங்கியது. பத்தில் ஒன்று! இப்போதாவது சரியாக இருக்குமென்று நினைத்தேன். “வெறும் நீரை அளந்தாயா?” என்று கேட்டார் ஆசிரியர். எதையும் போடாத நீரை எதற்காக அளப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஆயினும் செய்தேன். வெறும் நீரிலும் 0.2 மில்லிகிராம் பி.எச்.டி. இருந்தது! இரண்டு நாள் குழம்பிய பின்னர் ஈதர்ப் புட்டியின் சீட்டை முதன்முறையாக முழுவதும் படித்தேன். ஈதர் காற்றுப் பட்டால் வெடிக்கத்தக்க பெராக்ஸைடாக மாறக்கூடியது. அதைத் தடுக்க, தயாரிப்பவர்களே அதில் சிறிதளவு ஆக்ஸிஜனேற்றத் தடுப்பியைச் சேர்த்திருந்தார்கள். அந்தத் தடுப்பி வேறெதுவும் அன்று, நம் பி.எச்.டி.யேதான். திருடனைப் பிடிக்கத் திருடனையே காவலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஈதரை விடுத்து ஹெக்ஸேனைக் கொண்டே பிரித்தெடுக்கத் தொடங்கினேன். முறையையும் மாற்றினேன். இவ்வளவு குறைவாகக் கரையும் பொருளுக்குக் குலுக்கும் முறை ஏற்றதன்று. நாடுகள் பல கூடி வகுத்துள்ள சோதனை நெறிகளிலும், லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைவதற்குக் குடுவை முறை, அதற்குக் கீழே கரைவதற்குத் தூண் முறை என்றே பிரித்திருக்கிறார்கள். தூண் முறையில் குலுக்கலே இல்லை. பொருளை எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்து, நுண்ணிய கண்ணாடி மணிகளின்மேல் ஊற்றித் திரவத்தை ஆவியாக்கிவிட்டால், ஒவ்வொரு மணியின்மேலும் மெல்லிய பூச்சாகப் பொருள் படியும். அம்மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அவற்றின் ஊடே நீரை மெல்லச் செலுத்த வேண்டும். வேண்டிய அளவை நீர் எடுத்துக்கொண்டு வெளியே வரும். உதிர்ந்து மிதக்கத் துகள்கள் பெரும்பாலும் இரா.

முதலில் 0.3 என்று வந்தது. இம்முறை குற்றவாளி வேறு. தூணிலிருந்து நீர் வரும் வழியில் ஓர் அடி நீளத்துக்கு ரப்பர்க் குழாய் இணைத்திருந்தேன். நீரைவிட ரப்பரையே மிகவும் விரும்பும் பொருள், வழியிலேயே ரப்பருக்குள் இறங்கிவிட்டது. குழாயைக் கண்ணாடியாக மாற்றினேன்; 0.7 கிடைத்தது. நீரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன்; அப்போதும் 0.7. வேகம் மாறியும் விடை மாறவில்லையென்றால், நீர் தன் கொள்ளளவுக்கு நிறைந்து வருகிறது என்று பொருள். அன்றுதான் ஆசிரியர் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்.

பி.எச்.டி.க்கு இன்று கையேடுகளில் காணும் அளவீடுகள் லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிகிராம் வரை உள்ளன. கெட்டிக்காரர்கள் அளந்தும் இருமடங்கு வேறுபாடு. நான் பட்ட பாட்டைக் கேட்ட உங்களுக்கு இது வியப்பளிக்காது.

இவ்வளவு தொல்லைப்படாமல், தாளும் பேனாவும் கொண்டே கரைதிறனைக் கணித்துவிட முடியாதா? முடியும், ஓரளவுக்கு. அதற்கு ஆக்டனால் என்னும் திரவம் உதவுகிறது. எண்ணெயைப் போன்ற இயல்புடைய அதையும் நீரையும் ஒரே புட்டியில் ஊற்றி, பொருளைச் சிறிது போட்டுக் குலுக்கினால், ஆக்டனாலில் எவ்வளவு சேர்கிறது, நீரில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கலாம். ஃபீனால் ஆக்டனாலை ஏறக்குறைய 29 மடங்கு விரும்பும். பி.எச்.டி.யோ 1,25,000 மடங்குக்கு மேல் விரும்பும். இந்தப் பங்கீட்டு எண்ணுக்கும், திரவங்களின் நீர்க்கரைதிறனுக்கும் உள்ள தொடர்பைக் கார்வின் ஹான்ஷ் என்னும் அமெரிக்க அறிஞரும் உடன் உழைத்தோரும் 1968-ல் எடுத்துக்காட்டினர். படிகமாக உள்ள பொருள் கரைய வேண்டுமானால் முதலில் படிகக் கட்டு உடைய வேண்டும் அன்றோ? அதற்கான கழிவை உருகுநிலையைக் கொண்டு கணக்கிடலாம் என்று 1980-ல் யால்கோவ்ஸ்கியும் வல்வானியும் காட்டினர். 2001-ல் யால்கோவ்ஸ்கியும் ரானும் அதனை மேலும் எளிமையாக்கினர்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டனாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.16 மோல் கரையும் என்று தொடங்குவோம். உருகுநிலை 25 டிகிரிக்கு மேல் 100 டிகிரி கூடுதலாக இருந்தால் கரைதிறன் பத்தில் ஒன்றாகும். பி.எச்.டி. 70 டிகிரியில் உருகுகிறது. கூடுதல் 45 டிகிரி. அதற்கான கழிவு 2.82-ஆல் வகுத்தல். மிச்சம் 1.12. இதை 1,26,000-ஆல் வகுத்து, மூலக்கூறு எடையாகிய 220-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

தூணில் கிடைத்தது 0.7, தாளில் கிடைத்தது 2. மும்மடங்கு பிழை. இதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கலாம். நான் அப்படிச் செய்யமாட்டேன். என் முதல் அளவீடு பதினைந்து மடங்கு பிழையாக இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். இக்கணக்கை அன்று நான் செய்திருந்தால், 11 என்ற விடையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டேன். எங்கோ தவறு என்று குடுவையின் முன்னே உட்கார்ந்திருப்பேன். கணிப்பு அளவீட்டுக்கு மாற்று அன்று. அளவீட்டின் தோள்மேல் கைவைத்து, ‘சற்று நில்’ என்று சொல்லும் நண்பன் எனலாம்.

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடக் கரையாததைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று உங்களில் யாரேனும் கேட்கக்கூடும். அதற்கு விடை அமெரிக்காவின் வட மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் பகுதியில் இருக்கிறது. கோஹோ சால்மன் என்னும் மீன்கள் இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து ஓடைகளுக்குத் திரும்பி முட்டையிடும். நகரை அடுத்த ஓடைகளில், மழை பெய்தவுடன், முட்டையிடுவதற்கு முன்பே அவை சில மணி நேரத்தில் செத்துக்கொண்டிருந்தன. பல ஆண்டுகள் தேடியபின், 2020 டிசம்பரில் அங்குள்ள ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டனர். மோட்டார் வண்டிகளின் டயர் வெடிக்காமலிருக்க 6 பி.பி.டி. என்னும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பியை ரப்பரில் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு கூடி 6 பி.பி.டி. குயினோன் என்ற வேறொரு பொருளாகிறது. சாலையில் தேய்ந்த டயர்த் தூளிலிருந்து மழைநீர் அதைக் கழுவிக்கொண்டு ஓடையில் சேர்க்கிறது.

இந்தக் குயினோன் நம் பி.எச்.டி.யைவிடக் குறைவாகவே நீரில் கரையும். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புத்தகத்தின் வழக்கப்படி ‘கரையாது’ என்றே இதற்கும் எழுதலாம். ஆனால் கோஹோ மீன்களுள் பாதியைக் கொல்ல லிட்டருக்கு 0.095 மைக்ரோகிராம் போதும். நீர் கொள்ளக்கூடிய அளவில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! முதல் ஆய்வில் இவ்வெண்ணை 0.8 என்று கணக்கிட்டிருந்தார்கள். தூய பொருள் விலைக்குக் கிடைத்த பிறகு, 2022-ல் அதே ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, தங்கள் எண்ணைத் தாங்களே எட்டு மடங்குக்கு மேல் குறைத்து வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தைப் படித்த இரவு எனக்கு என் பழைய ஈதர்ப் புட்டி நினைவுக்கு வந்தது.

பி.எச்.டி.யை அளக்கும் கருவிகள் எல்லாக் கல்லூரிகளிலும் இரா. ஆகவே உங்களுக்கு வேறொரு வேலை சொல்கிறேன். பென்சாயிக் அமிலம் உங்கள் சோதனைச்சாலையில் இருக்கும். ஊறுகாயில் சேர்ப்பதும் இதன் உப்பைத்தான். இதன் பங்கீட்டு எண் 74, உருகுநிலை 122, மூலக்கூறு எடை 122. நான் சொன்ன வழியிலே கணக்கிட்டால் லிட்டருக்கு 0.56 கிராம் என்று வரும். பிறகு அமிலத்தை வேண்டிய மட்டும் நீரில் இட்டு, இரண்டு நாள் அவ்வப்போது குலுக்கி, 25 டிகிரியில் தெளியவைத்து, மேல்நீரில் 25 மில்லிலிட்டர் எடுத்து 0.05 நார்மல் சோடியம் ஹைட்ராக்ஸைடால் தரம் பாருங்கள். கணக்கு சரியென்றால் பியூரெட்டில் 2.3 மில்லிலிட்டர்தான் இறங்க வேண்டும். இறங்கப் போவதோ ஏறக்குறைய 14. பி.எச்.டி.யில் அதிகமாகச் சொன்ன கணக்கு, இங்கே ஆறில் ஒரு பங்காகக் குறைத்துச் சொல்கிறது. ஏன் அப்படி என்பதை, வெறும் நீரையும் ஒருமுறை தரம் பார்த்த பிறகு, உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.