குதிரை வாங்குமுன் செய்யவேண்டிய பரிசோதனை
(கால்நடை வளர்ப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கத்து அன்பர்கள் பலர் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குப் புறப்படுவார்கள். குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை அத்துணைப் பெயர் பெற்றது. காதுகள் உள்நோக்கி வளைந்த காத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் அங்கே விலைக்கு நிற்கும். ஜட்கா வண்டிக் காலம் மறைந்துவிட்டது. எனினும் சவாரிக்கும் பந்தயத்துக்கும் ஊர்வலத்துக்கும் குதிரை வளர்ப்போர் நம் சமவெளியில் இன்றும் இருக்கின்றனர்.

வாங்குவோர் முதலில் நோக்குவது சுழியை. அது அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் சுழி பார்க்க அரை நாள் செலவிடுபவர், மூக்கினுள் பார்க்க அரை நிமிடமும் செலவிடுவதில்லை. என் குறை அதுதான். அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துச் செல்லுங்கள்.

பல்லைப் பார்த்து வயதறிவது நம்மவர் அறிந்த கலையே. நடுப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது இரண்டரை வயதில், அடுத்தவை மூன்றரையில், ஓரப்பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் பல்லின் தேய்மானத்தைக் கொண்டு கணிப்பது தோராயமே. தரகர் சொல்லும் வயதைவிட அது மேல், அவ்வளவுதான்.

காலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மணலிலும் புல்லிலும் நடத்திக் காட்டினால் நொண்டல் மறைந்துவிடும். ஆகையால் கெட்டித் தரையில், கயிற்றைத் தளரவிட்டு, நேராகவும் வட்டமாகவும் ஓடச் செய்யுங்கள். வலியுள்ள முன்காலை ஊன்றும்போது குதிரையின் தலை மேலெழும். நல்ல காலை ஊன்றும்போது தாழும். மருத்துவர் மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடச் சொல்வார். ஒளிந்திருக்கும் வலி அப்போது வெளிப்படும். வலிமருந்து ஊசி போட்டு நிறுத்தும் விற்பனையாளரும் உண்டு. ஐயமிருந்தால் இரத்தத்தில் மருந்து கலந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லலாம்.

ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16 வரை. ஓட்டியபின் இவை விரைவில் தணியவேண்டும். மூச்சிழுக்கும்போது கரகரவென்று ஓசை கேட்டால் குரல்வளையைச் சோதிக்க வேண்டும். கண்களை இருட்டில் விளக்கொளி கொண்டு பார்ப்பது நலம்.

இத்தனையிலும் தேறிய குதிரைக்கும் கிளாண்டர்ஸ் என்னும் சுரப்பி நோய் இருக்கக்கூடும். மூக்கினுள் புண், பிசுபிசுப்பான சளி, தாடையடியில் கட்டி, தோலில் முடிச்சுகள் ஆகியவை இதன் குறிகள். ஆனால் எக்குறியுமின்றி நோயைச் சுமக்கும் குதிரைகளும் உள்ளன. 1899-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இப்போது அதனிடத்தில் இருப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 2006 முதல் பல மாநிலங்களில் இந்நோய் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைக்கவேண்டியதே. அதனினும் கொடியது, இது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் பையனே முதலில் ஆபத்துக்குள்ளாகிறான்.

இதைக் கண்டறிவது இரத்தப் பரிசோதனையே. அரியானாவிலுள்ள ஹிசார் நகரத்துத் தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு வசதியுண்டு. சந்தையோ சில நாட்களே நடக்கும்; முடிவு அதற்குள் வருவது அரிது. இங்கேதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் நமக்குப் போதாது. "சோதனையில் நோயில்லை என்று தெரிந்தால் மட்டுமே மீதித் தொகை" என்று எழுதி வாங்குங்கள். அதுவரை குதிரை விற்பவரிடமே இருக்கட்டும். இதற்கு உடன்படாதவரிடம் வாங்காமல் திரும்புவதே மேல். விற்பவர் ஏற்கனவே சான்றிதழ் வைத்திருந்தால், அதிலுள்ள நிறமும் அடையாளமும் தேதியும் குதிரையோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். ஈக்கடியால் பரவும் சர்ரா நோய்க்கும் இரத்தம் பார்க்கவேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் கால்வீக்கமும் அதன் குறிகள். இரணஜன்னித் தடுப்பூசியையும் மறக்கவேண்டாம். ஐயங்களுக்கு, 1985 முதல் நாமக்கல்லில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.