பாசமும் வேணும், பங்கும் வேணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ‘பாசமலர்’ திரைப்படம் போட்டுக் காட்டப்பட்டது. அதன் பிறகு கள ஒருங்கிணைப்பாளர் பேசியதை, வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



படம் முடிந்து லைட்டைப் போட்டதும் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைக்காத ஆள் ஒருத்தர்கூட இல்லை. கணக்குப் பார்க்கும்போது கறாரா இருக்கிற நம்ம பொருளாளர் அக்காவே மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. நானும் அழுதேன், அதை மறைக்கப் போறதில்லை. ஆனா அழுதுட்டு அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிட்டா அது சினிமாக் கொட்டகை. இது நம்ம கூட்டம். அதனால கொஞ்சம் பேசிட்டுப் போவோம்.

‘பாசமலர்’ 1961-ஆம் வருஷம் மே மாதம் வந்த படம். ஏ. பீம்சிங் இயக்கியது. சிவாஜி கணேசன் அண்ணன், சாவித்திரி தங்கச்சி, ஜெமினி கணேசன் மாப்பிள்ளை. ஆரூர்தாஸ் வசனம், கண்ணதாசன் பாட்டு, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. அடுத்த வருஷமே தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்தார்கள். நம்ம ஊர்களில் இன்றைக்கும் ரொம்ப ஒட்டுதலாக இருக்கிற அண்ணன் தங்கச்சியைப் பார்த்தால் “பெரிய பாசமலர்” என்று கேலி பண்ணுகிறோம் இல்லையா? ஒரு படத்தின் பெயர் உறவின் பெயராகவே ஆகிவிட்டது.

கதையை எல்லோரும் பார்த்தீர்கள். அப்பா அம்மா இல்லாத ராஜுவும் ராதாவும். அண்ணனுக்கு வேலை போகிறது. தங்கச்சி வீட்டில் பொம்மை செய்து சேர்த்து வைத்த ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, சொந்தமாகத் தொழில் பண்ணுங்கள் என்கிறாள். அதிலிருந்து அவன் பெரிய முதலாளி ஆகிறான். தான் விரும்பிய ஆனந்தையே தங்கச்சி கட்டிக்கொள்கிறாள். பிறகு ஆனந்தின் அத்தை வந்து கலகம் மூட்டுகிறாள். குடும்பம் இரண்டாகிறது. கடைசியில் தங்கச்சி குழந்தையைப் பட்டாசு விபத்திலிருந்து காப்பாற்றப் போய் அண்ணனுக்குக் கண் பார்வை போகிறது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடியே உயிரை விடுகிறார்கள்.

இதில் மூன்று விஷயங்களை மட்டும் யோசிக்கச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்த ஆயிரம் ரூபாய். அது யார் பணம்? ராதாவின் சேமிப்பு. பொம்மை செய்யும் கைவேலையும் அவளுடையது. அப்படியென்றால் அந்தத் தொழிலில் அவள் பங்குதாரர். ஆனால் படத்தில் யாராவது அதை எழுதி வைத்தார்களா? நம்ம குழுவாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ராதா பேரில் வரவு வைத்து, தீர்மானம் எழுதி, ராஜுவிடம் கையெழுத்து வாங்கியிருப்போம். (சிரிப்பு.) சிரிக்காதீர்கள். அண்ணன் அவளுக்கு அள்ளி அள்ளித்தான் கொடுக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கொடுப்பது அன்பளிப்பு. அவளுக்குச் சேர வேண்டியது பங்கு. அன்பளிப்பு, கொடுக்கிறவர் மனசு மாறினால் நின்று போகும். பங்கு நிற்காது.

இரண்டாவது விஷயம். சண்டைக்குக் காரணம் யார் என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் “அந்த அத்தைதான்” என்பீர்கள். குடும்பம் உடைந்தால் ஒரு பொம்பளை தலையில் பழியைப் போடுவது சினிமாவுக்குச் சுலபம். அத்தை கெட்டவள்தான். ஆனால் ராஜுவும் ஆனந்தும் ஏற்கெனவே முதலாளியும் தொழிலாளர் தலைவருமாக மோதிக்கொண்டவர்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை. அதைப் பற்றி நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு நாளாவது மனசுவிட்டுப் பேசித் தீர்த்தார்களா? அத்தை பற்ற வைத்தாள். ஆனால் காய்ந்த வைக்கோல் முன்னாலேயே கிடந்தது.

மூன்றாவது, எனக்கு மிகவும் வலித்த விஷயம். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தார்கள், சரி. எப்போது சேர்ந்தார்கள்? சாகும்போது. ஆளுக்கொரு பக்கம் பிள்ளையை வைத்துத் தாலாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் நினைத்து உருகுகிறார்கள். ஒருத்தர் எழுந்து மற்றவர் வீட்டுக்கு நடந்து போயிருந்தால் படம் பாதியிலேயே முடிந்திருக்கும். சினிமாவில் அது முடியாது. நம்மால் முடியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். எங்க தாய்மாமா. தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்தது. 2001-இல் தாத்தா உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து மாமா வந்து, “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு தங்கச்சி” என்றார். அம்மா பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டு, மாமா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். படித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் அண்ணனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே! அது விடுதலைப் பத்திரம்.

2009-இல் நான் சமூகப்பணி மேற்படிப்புக்குச் சேரணும். பணம் இல்லை. அம்மா முதல்முறையாக அண்ணனிடம் போய், “என் பங்குல ஏதாவது குடுண்ணே” என்று கேட்டார். “நீதான் எழுதிக் குடுத்துட்டியே” என்றார் மாமா. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் என் தங்கச்சி சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. பந்தலில் மாமா உட்கார வேண்டிய இடத்தில் யாரையும் உட்கார வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அந்த நாற்காலி சாயங்காலம் வரைக்கும் காலியாகவே கிடந்தது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “சொத்துக் கேட்டா, பொறந்த வீட்டையே தொலைச்சா.” கையெழுத்து வாங்கியவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவள்தான் பாசம் இல்லாதவள்.

எட்டு வருஷம். 2017-இல் பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா யாரிடமும் கேட்காமல் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு கிளம்பினார். மாமா வாசலில் நின்றார். “வா” என்று சொல்லவில்லை, “வராதே” என்றும் சொல்லவில்லை. பத்து நாள் பாட்டிக்கு எல்லாம் பார்த்தார் அம்மா. பதினோராம் நாள் ராத்திரி மாமாவே வந்து திண்ணையில் உட்கார்ந்து, “உன் கல்யாணத்துக்கு எட்டுப் பவுன் நான் போட்டேன். அப்பா ஆஸ்பத்திரிக் கடனை நான்தான் அடைச்சேன். அதெல்லாம் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதே இல்லை.

அப்புறம் அம்மா என்ன செய்தார் தெரியுமா? குழுவில் ஆறு வருஷம் கணக்கு எழுதிய பொம்பளை! “ஒரு நோட்டு எடுத்து வாண்ணே” என்றார். பாட்டி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, மாமா செய்த செலவு ஒரு பக்கம், அம்மாவுக்குச் சேர வேண்டியது ஒரு பக்கம் என்று எழுதினார்கள். நடுவில் இரண்டு தடவை சண்டை வந்தது. ஒரு தடவை மாமா எழுந்தே போய்விட்டார். நாலு ராத்திரி ஆனது. கடைசியில் கிணற்றுப் பக்கம் அறுபது சென்ட் அம்மா பேருக்கு எழுதி, முறையாகப் பதிவும் பண்ணிக் கொடுத்தார் மாமா. பதிவு முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: “இப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்.” கேட்டீர்களா? தங்கச்சி பங்கை வைத்துக்கொண்டு இருந்தவரும் எட்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கவில்லை!

அழுது சேரவில்லை அவர்கள். கணக்குப் பார்த்துச் சேர்ந்தார்கள். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

இந்து குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவருடைய மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1956-இல் வந்தது. பாசமலர் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே! உயில் எழுதியிருந்தால் அதில் எழுதியபடிதான் போகும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. ஆனால் அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும்தான். 2005-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற வித்தியாசம் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தால் அதை மாற்ற முடியாது. கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

எந்தப் பத்திரத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படித்த ஒருத்தரைக் கூட்டிப் போங்கள். மேலே என்ன பத்திரம் என்று போட்டிருக்கிறது, விடுதலையா, பாகப்பிரிவினையா, அதிகாரப் பத்திரமா என்று கேளுங்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள். மனசார விட்டுக்கொடுக்கிறீர்களா, கொடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். தெரியாமல் போட்ட கையெழுத்தை விட்டுக்கொடுத்தது என்று சொல்ல முடியாது.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது தெரிந்தால் காலம் கடத்தாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட அளவில் சட்டப் பணிகள் குழுவும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பார்கள். கோர்ட்டுக்குப் போனால்தான் உறவு அறுந்துவிடும் என்று பயப்படுகிறோம். பல குடும்பங்களில் பேசாமல் இருந்தே உறவு அறுந்து போயிருக்கிறது.

அண்ணன் தம்பிகளும் இதைக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். நாமும் ஒன்று யோசிப்போம். நம்ம வீட்டுக்காரரின் அக்கா, தங்கச்சி பங்கு கேட்டு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன?” என்று முதலில் வாயைத் திறப்பது யார்? பிறந்த வீட்டில் நாம் ராதா. புகுந்த வீட்டில் நாமே அந்த அத்தை ஆகிவிடக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்.

ஒன்று: நம்ம குழுவில் கூடப் பிறந்தவர்களோடு பேசாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? என்ன காரணம்? (பெயர் எழுத வேண்டாம்.)

இரண்டு: அதில் யாராவது முதல் அடி எடுத்து வைக்க நினைத்தால், குழுவிலிருந்து கூடப் போக யார் தயார்?

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். பையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

எங்க அம்மா இப்போது அந்த அறுபது சென்ட்டில் நிலக்கடலை போடுகிறார். உழவுக்கு வருவது மாமா டிராக்டர். வாடகை கொடுத்தால் அவர் வாங்குவதில்லை. ஆனாலும் அம்மா ஒவ்வொரு தடவையும் கொடுத்துப் பார்க்கிறார். நோட்டிலும் எழுதி வைக்கிறார்.